காறை எலும்பின் கீழே இரண்டாவது ஆள்

"அழுதன் எண்டு ஏன் போய்ச் சொன்னனீர்?" என்று பாலேந்திரா கேட்டார்.

"அழுதனான், சொன்னனான். பொய்யே?"

"ஆள் காணாது, இன்னும் ஆள் வேணும் எண்டதோட நிப்பாட்டியிருக்கவேணும். ஆள் காணாது எண்டால் ஆள் அனுப்புவாங்கள். அழுதன் எண்டால் கண்ணீர் துடைக்கத்தானே ஆள் அனுப்புவாங்கள்?"

பாலேந்திரா டென்மார்க்கின் ஒடென்சே நகரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். அங்கே இயந்திரம் நின்றால் ஆள் வந்து திருத்துவான். இப்போது எப்படி உணர்கிறாய் என்று இயந்திரத்திடம் யாரும் கேட்பதில்லை. அதனால் மனைவி இராசலட்சுமி வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் நடைமுறைகள் அவருக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை.

அந்த இல்லம் ஒடென்சேயிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், பெயரைச் சொல்லாமல் விடுவதே மரியாதையான ஒரு கொம்யூனில், அதாவது உள்ளூராட்சிப் பிரிவில், இருந்தது. இராசலட்சுமிக்கு மேல் மாடியில் பின்னேர வேலை. அங்கே ஸ்வென்ட் என்று ஒருவர் இருந்தார். கப்பல் கட்டும் இடத்தில் இரும்பு ஒட்டிப் பிழைத்த பெரிய உடம்புக்காரர். கால்கள் இப்போது அவருக்குக் கீழ்ப்படிவதில்லை. அவரைக் கதிரையிலிருந்து கழிப்பறைக்குக் கொண்டுபோவதென்றால் சீலை ஒன்றில் சுற்றி, கூரைத் தண்டவாளத்தில் ஓடும் லிஃப்றில் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோகவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது இல்லத்தின் சட்டம். ஒருவர் பொத்தானை அமத்த, மற்றவர் முழங்காலைப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் ஸ்வென்ட் கோயில் மணி போல ஆடிப்போய்ச் சுவரில் மோதுவார்.

முன்பு மாடிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு மாடிக்கு ஒருவர் ஆனார். சட்டம் மட்டும் இரண்டு பேராகவே இருந்தது. ஸ்வென்ட் மணி அடித்தால், கீழ்மாடியில் வேலை செய்யும் நிலக்சியை இராசலட்சுமி தொலைபேசியில் கூப்பிடுவாள். நிலக்சி கை வேலையை விட்டு ஓடிவரும்வரை ஸ்வென்ட் காத்திருப்பார். சில நாட்களில் காத்திருக்க முடியும். முடியாத நாட்களில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்படித் திருப்பிய ஒரு நாளின் முடிவில்தான் இராசலட்சுமி பஸ்ஸில் அழுதாள்.

மறுநாள் நிர்வாகி யெஸ்பரிடம் போனாள்.

"எனக்கு ரெண்டாவது ஆள் வேணும். ஸ்வென்ட் நனைஞ்சுபோய் இருக்கிறதைப் பார்த்திட்டு நேற்று பஸ்ஸில அழுதனான்."

யெஸ்பர் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"நீ அழுதாயா? இதை நாங்கள் மிகவும் பாரதூரமாக எடுக்கிறோம்."

டெனிஷில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். ஆட்குறைப்புச் செய்யும்போதும் அந்த நெருக்கம் குறைவதில்லை.

"ஆள்?" என்றாள் இராசலட்சுமி.

"முதலில் அழுகையை எடுப்போம். லட்சுமி, ஒன்றை நீ விளங்கிக்கொள்ளவேண்டும். நாங்கள் ஆட்களைக் குறைக்கவில்லை. ஆட்களுக்கு இடையே உள்ள இடத்தை அதிகரித்திருக்கிறோம்."

அடுத்த வாரம் ஆள் வந்தது. பெயர் பிர்கித்த. கொம்யூன் அனுப்பிய மனநல ஆலோசகர். மனத்தின் வேதனைகள் எல்லாம் உடம்பில் சில புள்ளிகளில் போய் அடைத்துக்கொண்டிருப்பதாகவும், விரல் நுனியால் தட்டினால் அவை இறங்கிவிடும் என்பதாகவும் அவர் கற்றுவந்திருந்தார். கூட்ட அறையில் யெஸ்பரும் மற்ற ஊழியர்களும் சுற்றியிருக்க, இராசலட்சுமியை நடுவில் நிறுத்திவைத்தார்.

"முதலில் வேதனைக்கு ஓர் எண் கொடு. பூச்சியத்திலிருந்து பத்துக்குள்."

"எட்டு எண்டு வையன்."

"எங்கே இருக்கிறது?"

"மேல் மாடியில."

"உடம்பில் எங்கே என்று கேட்கிறேன்."

"ஸ்வென்டின்ர உடம்பிலயோ?"

"உன் உடம்பில்!"

"எனக்கு முதுகிலதான்."

"முதுகுவலி என்பது முதுகு சொல்லும் கதை," என்று பிர்கித்த மற்றவர்களுக்கு விளக்கினார். "அதைக் கேட்கவேண்டுமே தவிர, அதற்கு ஆள் போடக்கூடாது. சரி, புருவத்தில் தட்டு. கண்ணோரம். மூக்கின் கீழே. நாடி. காறை எலும்பு. தட்டிக்கொண்டே என் பின்னால் சொல்: மேல் மாடியில் நான் தனியாக நின்றாலும், என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்."

"என்னை ஏற்கிறதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இன்னொராளையும் ஏற்கத் தயாராத்தான் நிக்கிறன்."

"இரண்டு கைகளாலும் நெற்றியில் தட்டு."

பிழை நடந்தது அங்கேதான். விரல்கள் நெற்றிக்குப் போனதும், சின்ன வயதிலிருந்து பழகிய வேலையை அவை தாமாகவே தொடங்கிவிட்டன. முட்டிகள் மடங்கின. இராசலட்சுமி கைகளைக் குறுக்கே போட்டு நெற்றிப்பொட்டில் குட்டினாள், காதுகளைப் பிடித்தாள், குந்தி எழும்பினாள், மறுபடியும் குந்தினாள். எழும்பும்போதுதான் முன்னால் பிள்ளையார் இல்லை, கோப்பி இயந்திரம்தான் இருக்கிறது என்பதைக் கண்டாள்.

"ஐயோ, பிழைச்சுப்போச்சு. மன்னிச்சுக்கொள்."

"பிழையா?" பிர்கித்த ஓர் அடி முன்னால் வந்தார். "குறுக்குக் கைகள்! காது நரம்புகள்! முழங்கால் மடிப்பு! இது மூன்றாம் நிலைப் பயிற்சியில்கூட இல்லையே. யாரிடம் படித்தாய்?"

"ஒருத்தரிட்டயும் இல்லை. பிள்ளையார் கோயிலில செய்யிறது."

"பிள்ளையார் எந்த நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிறார்?"

"அவர் பயிற்சி குடுக்கிறேல்லை. சும்மா இருக்கிறார்."

"எதற்காகச் செய்வீர்கள்?"

"தடை நீங்கவேணும் எண்டு."

"தடை நீக்கம்!" பிர்கித்தவுக்குக் கண் கலங்கியது. உடனே கண்ணோரத்தில் தட்டிக் கலக்கத்தை நிறுத்தினார்.

"எனக்கு இப்ப உள்ள தடை, ரெண்டாவது ஆள் இல்லாததுதான்."

"இல்லை, லட்சுமி. ஆள் இல்லை என்ற உணர்வு உன் காறை எலும்பின் கீழே தங்கியிருக்கிறது. அதை விடுவித்தால், ஆள் தேவை என்பதே மறைந்துவிடும்."

"ஸ்வென்ட் மறையமாட்டாரே," என்றாள் இராசலட்சுமி. அந்த நேரம் யெஸ்பர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வசனம் பிறகு வெட்டப்பட்டது.

அடுத்த வாரமே இல்லத்துச் சுவரில் படம் ஏறியது. இராசலட்சுமி காதைப் பிடித்துக்கொண்டு அரைக் குந்தலில் நிற்கிறாள். மேலே பெரிய எழுத்தில் 'லட்சுமி முறை'.

"சம்பளமும் தந்து தோப்புக்கரணமும் போட வைக்கிறாங்களோ?" என்றார் பாலேந்திரா. "பிள்ளையாருக்குத் தெரியுமே?"

"பகிடி விடாதேங்கோ. மற்றவைக்கும் பழக்கட்டாம்."

"ஆள் வந்திட்டுதோ?"

"இல்லை. படம் வந்திருக்கு."

மற்றவர்களுக்குப் பழக்கும் வேலை இராசலட்சுமியிடம் போகவில்லை. அவளுக்கு வேலை அதிகம் என்று யெஸ்பர் இரங்கினார். அது நிலக்சியிடம் போயிற்று.

"அன்ரி, என்னை இப்ப அம்பாசடர் ஆக்கிப்போட்டினம்," என்று நிலக்சி உடுப்பு மாற்றும் அறையில் சொன்னாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளிடம் அவசரமாகவே வரும். "திங்களில இருந்து ஒவ்வொரு இல்லமாப் போய் உங்கட முறையைக் காட்டவேணுமாம்."

"அப்ப ஸ்வென்டுக்கு ஆர் மேல ஓடிவாறது?"

"அதைத்தான் நானும் கேட்டனான். ஓடிவர ஆளில்லையே எண்டு வாற ஃபீலிங்குக்குத்தானே முறையே இருக்கு எண்டு யெஸ்பர் சொல்லுறார்."

"ஏலாது எண்டு சொல்லிறதுக்கென்ன?"

"சொன்னனான் அன்ரி! எனக்குள்ள எதிர்ப்பு இருக்காம். பிடிச்சுத் தட்டினவை."

"போச்சுதே?"

"அரைவாசி போச்சுது. விட்டிருந்தால் முழுக்கப் போயிருக்கும். நான் கக்கூஸுக்குப் போறன் எண்டு எழும்பி ஓடிவந்திட்டன்."

"அங்க போறதுக்கு உனக்காவது ஓட ஏலும்," என்றாள் இராசலட்சுமி.

நிலக்சிக்குப் பதிலாகக் கீழ்மாடிக்கு வந்த தற்காலிகப் பையனுக்கு லிஃப்றைத் தொட அனுமதி இல்லை. அந்தப் பயிற்சி இன்னும் ஏற்பாடாகவில்லை. தட்டுவதற்கு மட்டும் சான்றிதழ் வைத்திருந்தான்.

இந்த நிலையில்தான் பிர்கித்த முறையை இல்லத்து முதியவர்களுக்கும் விரிவாக்கினார். மணி அடித்தால் உடனே தூக்கக் கூடாது. முதலில் தட்டவேண்டும். தொடக்க நாளில் அவரே மேல் மாடிக்கு வந்து பக்கத்தில் நின்றார். ஸ்வென்ட் மணி அடித்தார்.

ஸ்வென்டின் டெனிஷ் பள்ளிக்கூடத்து டெனிஷ் இல்லை. இராசலட்சுமியின் காதில் அது எப்போதும் தன் ஊர்ப் பேச்சாகவே விழும்.

"லட்சுமி, மூத்திரம்."

"ஸ்வென்ட், உன் அவசரம் எத்தனை?" என்று பிர்கித்த கேட்டார்.

"என்னத்தில எத்தினை?"

"பூச்சியத்திலிருந்து பத்துக்குள்."

"பத்து."

"நல்லது. கண்ணோரத்தில் தட்டுவோம்."

"அது கண்ணிலயில்லை இருக்கிறது, பிள்ளை."

"என் பின்னால் சொல்: எனக்கு அவசரமாக இருந்தாலும், என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்."

"நான் ஏற்பன். கதிரை ஏற்குமே?"

"காறை எலும்பு. நாடி. இப்போது எத்தனை?"

"பதினொண்டு."

"பதினொன்று முறையில் இல்லை."

"என்னட்டை இருக்கு."

இராசலட்சுமி கீழே தொலைபேசி எடுத்தாள். "கொஞ்சம் மேல வா, முழங்காலை மட்டும் பிடி," என்றாள். லிஃப்ற் நடக்கும் அறைக்குள் நிற்பதற்கே தனக்கு அனுமதி இல்லை, வேண்டுமென்றால் தொலைபேசியிலேயே தட்டச் சொல்லித் தருகிறேன் என்றான் பையன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஸ்வென்ட் தட்டுவதை நிறுத்தியிருந்தார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"இப்போது எத்தனை, ஸ்வென்ட்?"

"சைபர்."

பிர்கித்த இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பத்திலிருந்து பூச்சியம்! ஒரே சுற்றில்!"

இராசலட்சுமி கதிரையின் கீழே பார்த்தாள். பிறகு துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஸ்வென்ட் மணி அடிக்கவில்லை. கோப்பியையும் நிறுத்திவிட்டார்.

"ஒரு மிடறாவது குடியுங்கோ."

"வேண்டாம்."

"தண்ணி?"

"உள்ளுக்குப் போகாட்டில் வெளியில வராது, லட்சுமி. இரும்பு ஒட்டினவனுக்கு இது தெரியாதே?"

உதடு வெடித்தது. நாக்குக் காய்ந்து பேச்சு ஒட்டிக்கொண்டது. இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான் என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். இராசலட்சுமி மறுபடியும் யெஸ்பரிடம் போனாள்.

"அந்தாள் தண்ணியே குடிக்கிறேல்லை. செத்துப்போகும். ரெண்டாவது ஆள் வேணும்."

"நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய்," என்றார் யெஸ்பர். "மேல் மாடியில் மணி அடிப்பது குறைந்திருக்கிறது. மாடியில் அமைதி நிலவுகிறது. கொம்யூனின் முதியோர் நலக் குழுத் தலைவரே இதைப் பார்க்க வருகிறார். அன்றைக்கு நீதான் முறையைச் செய்து காட்டவேண்டும்."

தலைவர் ஹென்னிங் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்தார். மேசைகளில் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், கேக், வழக்கமாக வாங்காத நல்ல கோப்பி. உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். முதியவர்களை வரிசையாக உட்கார்த்தினார்கள். இராசலட்சுமி ஸ்வென்டின் முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள்.

"குடியுங்கோ."

"உனக்கு விசரே?"

"இண்டைக்கு வீடு நிறைய ஆக்கள். ரெண்டாவது ஆளை நான் பிடிச்சுத் தருவன். என்ர சொல்லை நம்பிக் குடியுங்கோ."

ஸ்வென்ட் அவளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பல நாள் வறண்ட மனிதர், அளவாகக் குடிக்கத் தெரியவில்லை.

ஹென்னிங் எழும்பினார்.

"நண்பர்களே, முதியோர் இல்லங்களுக்குக் கூடுதல் கைகள் வேண்டும் என்று எங்கே போனாலும் கேட்கிறேன். கைகளை எண்ணுவது பழைய சிந்தனை. ஒவ்வோர் ஊழியரிடமும் ஏற்கெனவே இரண்டு கைகள் இருக்கின்றன! ஏன், என்னிடமும் இரண்டு கைகள் இருக்கின்றன. அவற்றால் இதுவரை என்ன செய்தோம் என்பதல்ல கேள்வி. அவற்றால் எங்களை நாங்களே தட்டிக்கொண்டோமா என்பதுதான் கேள்வி. இந்த இல்லத்தில் ஒரு முதியவரின் அவசரம் ஒரே சுற்றில் பத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியிருக்கிறது. ஓர் ஊழியரைக்கூடச் சேர்க்காமல்! இதுதான் எதிர்காலம். நாளைக்கு, ஊழியரே இல்லாமலும்—"

"லட்சுமி," என்றார் ஸ்வென்ட். "மூத்திரம்."

யெஸ்பர் குனிந்து வந்தார்.

"தலைவர் பேசி முடியட்டும்."

"அவரின்ர வாய்க்கு முடிவில்லை. எனக்குத்தான் இப்ப முடிவு வரப்போகுது."

பிர்கித்த பூனை நடையில் கிட்டே வந்து விரல்களை நீட்டினார்.

"தொட்டியெண்டால் கடிப்பன்," என்றார் ஸ்வென்ட்.

இராசலட்சுமி நேரே ஹென்னிங்கிடம் நடந்தாள்.

"உன்னட்டை ரெண்டு கை இருக்கெண்டு இப்ப சொன்னாய். வா."

"நானா?"

"கெதியா வா. கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை."

பத்திரிகைப் பெண் பேனாவைத் திறந்துவிட்டாள். ஹென்னிங் அதைக் கண்டார். வந்தார். ஸ்வென்டைக் கதிரையோடு அவருடைய அறைக்குத் தள்ளிப்போய், இராசலட்சுமி சீலையைச் சுற்றி, கொளுவிகளை மாட்டி, பொத்தானைக் கையில் எடுத்தாள்.

"முழங்காலைப் பிடி. நல்லா இறுக்கி."

ஸ்வென்ட் மேலே எழும்பினார். தலைவரின் கழுத்துப்பட்டி சீலைக்குள் அகப்பட்டு, அவரும் கொஞ்சம் எழும்பினார்.

"நீ எந்தக் கட்சி?" என்று ஸ்வென்ட் மேலிருந்து கேட்டார்.

"இந்த... இந்த நிலையில் அதைச் சொல்ல விரும்பவில்லை."

"முழங்காலை விட்டியெண்டால் உனக்கு ஒரு வோட் குறையும்."

"விடாவிட்டால்?"

"அப்பவும் குறையும். ஆனால் நான் உன்ர சப்பாத்தில மூத்திரம் போகமாட்டன்."

ஹென்னிங் விடவில்லை. கூரைத் தண்டவாளம் கிறீச்சிட்டது. மூன்று பேருமாகக் கழிப்பறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றபோது, உள்ளேயிருந்து நெடுநேரம் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. ஹென்னிங் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"வழக்கமாக அந்தப் பக்கம் யார் பிடிப்பார்கள்?"

"ஒருத்தருமில்லை."

"அப்படியென்றால் அவர்?"

"ஒண்டில் காத்திருப்பார். இல்லாட்டில் நனைவார். இப்ப கொஞ்ச நாளாத் தண்ணியையே விட்டிட்டார்."

"ஆனால் அந்தப் பத்திலிருந்து பூச்சியம்—"

"அது நனைஞ்சது."

ஹென்னிங் சுவரில் சாய்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அப்போது யெஸ்பரும் பிர்கித்தவும் அறைக்குள் ஓடிவந்தார்கள். வாசலில் பத்திரிகைப் பெண் நின்றாள்.

"ஹென்னிங், உன் முகம்!" என்றார் பிர்கித்த. "எத்தனை?"

"ஒன்பது," என்றார் தலைவர். "ஒன்பது இருக்கும். நான் இதைப் பற்றி மேடையில் பேசினேனே..."

பிர்கித்தவின் விரல்கள் அவர் புருவத்துக்குப் பறந்தன. வழியிலேயே இராசலட்சுமி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தட்டாதை."

"அவர் வேதனையில் இருக்கிறார்!"

"ஓம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"லட்சுமி, இவர் எங்கள் விருந்தாளி," என்றார் யெஸ்பர்.

"சுவரில ஆற்ற படம் தொங்குது?"

"உன்னுடையது."

"ஆற்ற முறை?"

"உன்னுடைய முறைதான்."

"அப்ப கேள். என்ர முறையில, ரெண்டாவது ஆள் தாறன் எண்டு வாக்குக் குடுக்குமட்டும் தட்டப்படாது."

பிர்கித்த திகைத்தார். மணிக்கட்டை இழுத்துப் பார்த்தார். ஸ்வென்டைத் தூக்கிப் பழகிய கை, விடவில்லை.

"அது முறையில் இருக்கிறதா?"

"இப்ப இருக்கு."

"புதிய படி," என்று பிர்கித்த பயபக்தியுடன் முணுமுணுத்து, விரல்களை இறக்கினார்.

தட்டப்படாத ஹென்னிங் தவித்துக்கொண்டு நின்றார். கழிப்பறைக் கதவைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"யெஸ்பர், பின்னேரம் மேலே எத்தனை பேர்?"

"ஒருவர். ஆனால் முழுமையாகத் தன்னை ஏற்றுக்கொண்ட ஒருவர்."

"இன்னொருவரைப் போடு."

"அது திட்டத்தில்—"

"திங்களிலிருந்து. போடு என்கிறேன்! இதை எனக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது!"

"திங்களிலிருந்து," என்று பத்திரிகைப் பெண் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னாள்.

இராசலட்சுமி கையை விட்டாள். பிர்கித்த பாய்ந்து தட்டினார். புருவம், கண்ணோரம், மூக்கின் கீழே, காறை எலும்பு. தலைவரின் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது.

"எத்தனை?"

"நாலு... இரண்டு. அடடா, எவ்வளவு லேசாக இருக்கிறது! பூச்சியம்!" ஹென்னிங் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "நான் ஏதாவது சொன்னேனா?"

"சொன்னாய்," என்றாள் பத்திரிகைப் பெண். "எழுதியாயிற்று. நாளைக்குப் பத்திரிகையில் வரும்."

உள்ளேயிருந்து ஸ்வென்ட் கத்தினார்: "முடிஞ்சுது! எங்க அந்த முழங்கால்காரன்?"

திங்கட்கிழமை இரண்டாவது ஆள் வந்தாள். அது நிலக்சிதான்; அம்பாசடர் பதவியைத் துறந்து மேல் மாடிக்கே வந்துவிட்டாள். ஸ்வென்ட் கோப்பி குடிக்கத் தொடங்கினார். நேரத்துக்கு நேரம் திட்டத் தொடங்கினார். திட்டினால் நாக்கில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சில வாரம் கழித்து யெஸ்பர் மேல் மாடிக்கு வந்து, கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த இருவருக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"லட்சுமி, இப்போதும் பஸ்ஸில் அழுகிறாயா?"

"இல்லை."

"எத்தனை?"

"சைபர்."

"பார்த்தாயா! தட்டியதன் பலன்."

"நிலக்சி வந்ததால."

"நீ எப்போதும் பணிவாகவே பேசுகிறாய். சந்தோஷமான செய்தி ஒன்று சொல்கிறேன். கொம்யூனின் எல்லா இல்லங்களுக்கும் உன் முறையை அனுப்ப முடிவாகியிருக்கிறது."

"ரெண்டாவது ஆளோடயோ?"

"முறையை மட்டும். அது தனியாகவே வேலை செய்கிறது என்பதற்கு நீதானே சாட்சி—"

மணி அடித்தது. இரண்டு பேரும் எழும்பிப் போனார்கள்.